கால் ஏன் முழுகுது என்று கேட்டவன்

போன செவ்வாய்க்கிழமை காலை தேவராஜின் மகள் போன் செய்தாள். "அப்பா பூட்டாரு பெரிப்பா" என்றாள். அவன் போய்விட்டான்; இன்று அவனுக்காகக் கூடியிருக்கிறோம்.

உங்களில் பலருக்கு அவனைக் காவாந்தண்டலத்துப் பம்புசெட் மெக்கானிக்காகத்தான் தெரியும். எழுபதுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் தீயணைப்பு வேலைக்கு மனுப் போட்டோம். சென்னையில் ஒரு நீச்சல் குளத்தில் தேர்வு. முதல் தடவை இருவருமே நேரத்துக்குள் கரை சேரவில்லை. அடுத்த தடவையோடு எங்களுக்கு வயது வரம்பு முடிந்துவிடும்.

நான் தினமும் கிணற்றில் கை வலிக்க வலிக்க நீந்தினேன். அவன் படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பான். எனக்கு எரிச்சலாக வரும். "கை முன்னால போவுது, கால் பின்னால கலப்ப மாதிரி இழுத்துக்கினு வருது. கால் ஏன்டா முழுகுது?" என்பான்.

ஒரு வாரம் இதே கேள்விதான். கடைசியில் அவனே கண்டுபிடித்தான். கிணற்றில் பழகியவன் தலையைத் தூக்கிக்கொண்டேதான் நீந்துவான். மேலிருந்து எவன் எப்போது குதிப்பான் என்று தெரியாதே! தலை ஏறினால் இடுப்பு இறங்கும், கால் முழுகும். "அங்க எவன்டா உன் தலமேல குதிக்கப் போறான்? மூஞ்சத் தண்ணியில வை" என்றான். சுவரை உதைத்து, கைகால் அசைக்காமல் மிதந்து பார்த்தோம். தலை நிமிர்ந்தபோது பாதிக் கிணறுகூடத் தாண்டவில்லை. குனிந்தபோது எதிர்ச்சுவர் கைக்கு வந்துவிட்டது.

அடுத்து என் இடுப்பு நெளிகிறது என்றான். தோளை ஒரு கல்லிலும் குதிகாலை இன்னொரு கல்லிலும் வைத்து, நடுவில் தொய்யாமல் படுக்கச் சொன்னான். "நெல்லு மூட்ட தூக்கசொல்ல வயித்த இறுக்குவ இல்ல, அப்டியே புடி." பிடித்தேனா என்று விரலால் குத்தியும் பார்ப்பான், படுபாவி.

தேர்வில் நான் தேறினேன். அவன் தேறவில்லை. திரும்பும் பஸ்ஸில் அவன் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. வாலாஜாபாத் வந்ததும் அவனே தோளைத் தட்டினான்.

"தண்ணியில மூஞ்ச வெச்சா, அடியில கறுப்பா கோடு போட்டுக் கீது, பாத்தியா? நம்ம கெணத்துல தரையே தெரியாது. இது இன்னாத்துக்குன்னு பாத்துக்கினே பாதியில நின்னுட்டேன்டா."

"வேல போச்சேடா" என்றேன். அவனோ, அந்தக் கோடு எதற்கு என்று மறுபடி கேட்டான்.

முப்பது வருஷம் அந்த வேலையில் இருந்தேன். வீடு கட்டினேன், பிள்ளைகளைப் படிக்கவைத்தேன். ஏரியில் விழுந்தவர்களை இழுத்துக் கரை சேர்த்தேன். "என்னாலதான்" என்று அவன் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. நானும் அவனிடம் சொன்னதில்லை. தண்ணீரில் முகம் வைக்கும் தைரியமும், சொல்லாமல் விட்ட அந்த ஒரு வார்த்தையும்தான் அவனுடையதாக என்னிடம் இருக்கின்றன.

தேவராஜு, உன்னாலதான்டா.