பாலேஸ்வரி அக்காவை ஏற்றக்கூடாது

எங்கள் ஊரில் ஒருவர் ரோட்டில் நடந்து போனால் ஒன்றில் பெற்றோல் முடிந்திருக்க வேண்டும், அல்லது வீட்டில் சண்டை பிடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோயிலுக்கு நேர்த்தி வைத்திருக்க வேண்டும். சும்மா நடப்பது என்று ஒன்று இருப்பதாக வட்டுக்கோட்டைப் பக்கம் யாரும் கேள்விப்பட்டதில்லை. நானும்தான். சந்தியில் இருக்கும் என்னுடைய ஹாட்வெயார் கடைக்கும் வீட்டுக்கும் இடையில் இருநூறு மீற்றர்கூட இல்லை. மோட்டார் சைக்கிளில்தான் போவேன்.

இப்படிப்பட்ட ஊரில் பாலேஸ்வரி அக்காவை நடக்கச் சொல்லிவிட்டார் டொக்டர். அக்காவுக்கு அறுபத்திரண்டு வயது. கூட்டுறவுச் சங்கக்கடையில் முப்பது வருடம் அரிசி நிறுத்துக் கொடுத்தவர் என்பதால் அவரைத் தெரியாத வீடு இல்லை. கணவர் காலமாகிவிட்டார், மகள் வவுனியாவில். சீனி வருத்தம் வேறு; இரத்தத்தில் சீனி ஏறிக்கொண்டே போனது. மூன்று மாதத்துக்குள் குறையாவிட்டால் தினமும் ஊசி என்று டொக்டர் சொல்லிவிட்டார். அக்காவோ, பக்கத்து வீட்டு நாய்க்கு ஊசி போட்டதைப் பார்த்து மயங்கி விழுந்தவர்.

அன்றைக்கே நடக்கவென்று வெள்ளைச் சப்பாத்து வாங்கினார். மறுநாள் விடியவே ரோட்டுக்கு இறங்கினார். முதல் மின்கம்பம் வரை போயிருப்பார். நான் பிறேக் பிடித்தேன்.

“எங்கை அக்கா போறியள்? ஏறுங்கோ.”

“இல்லைத் தம்பி, நான் சும்மா நடக்கிறன்.”

“ஏனக்கா, என்னோடை ஏதும் கோவமே?”

கோபமில்லை என்று காட்டவேண்டி அக்கா ஏறினார். போகவேண்டிய இடம் எதுவும் இல்லாததால் சந்தையில் இறக்கிவிட்டேன். ஒரு கட்டுக் கீரை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தவரை உதயகலா ரீச்சர் ஸ்கூட்டியில் ஏற்றிவந்து வாசலில் விட்டார். இப்படியே ஆறு கிழமை. அக்கா போகிற ஒழுங்கையை மாற்றிப் பார்த்தார், நேரத்தை மாற்றிப் பார்த்தார். ஒரு நாள் ஆள் தெரியாமல் இருக்கத் தலையில் துவாயைப் போர்த்திக்கொண்டு போனார். சுகமில்லையாக்கும் என்று நினைத்து ஓட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்விட்டார்கள். வீட்டில் கீரை குவிந்தது. சீனி குறையவில்லை.

இந்த நேரத்தில்தான் ரோட்டைத் திருத்துவது பற்றி மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் வாசிகசாலையில் நடந்தது. வீதி அபிவிருத்திக் கந்தோரிலிருந்து கனிசியஸ் என்ற குருநகர்க்காரர் வந்திருந்தார். நாலு நாள் சந்தியில் குடை பிடித்துக்கொண்டு இருந்து, போய்வருபவர்களை எண்ணியவர் அவர்தான். ஆளாளுக்குக் கருத்துச் சொன்னோம். ரோட்டை அகட்ட வேண்டும் என்பதில் எல்லாரும் ஒற்றுமை. எதிர்ப்பக்கத்து மதிலை இடித்துத்தான் அகட்ட வேண்டும் என்பதிலும் எல்லாரும் ஒற்றுமை. நடைபாதை வேண்டும் என்று கேட்டவர் அக்கா ஒருவர்தான்.

கனிசியஸ் கொப்பியைப் புரட்டினார். “அம்மா, குறை நினைக்காதேங்கோ. நாலு நாளும் எண்ணினனான். உந்த ரோட்டிலை நடந்து போனது ஒருத்தரும் இல்லை.”

“நான் நடந்தனான்!”

“ஓம், நீங்களும் இதிலை இருக்கிறியள். வெள்ளைச் சப்பாத்துப் போட்ட அம்மா. ஆறு பத்துக்கு வந்தவ, ஆறு பதினொண்டுக்கு மோட்டச்சைக்கிளிலை ஏறினவ.”

அக்கா எழுந்து கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். “என்னை ஏத்தினவை எல்லாரும் கையைத் தூக்குங்கோ பாப்பம்.”

ஏதோ பரிசு கொடுக்கப்போகிறார் என்று நினைத்தோம். முப்பத்தெட்டுப் பேர் பெருமையாகக் கையைத் தூக்கினோம். வாசிகசாலைத் தலைவர் கனகசபாபதி ஐயா இரண்டு கையையும் தூக்கினார். அவரிடம் காரும் இருக்கிறது.

“உங்கள் எல்லாற்ரை புண்ணியத்திலை இன்னும் ஆறு கிழமையிலை எனக்கு ஊசி,” என்றார் அக்கா.

எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசியில் ஏகமனதாக ஒரு தீர்மானம் எடுத்தோம்: பாலேஸ்வரி அக்காவை ஒருவரும் ஏற்றக்கூடாது. கனிசியஸ் அதை மக்கள் கருத்து இலக்கம் ஒன்று என்று எழுதிக்கொண்டார்.

நாங்கள் வாக்கு மாறவில்லை. நின்றால் வாய் தானாக ‘ஏறுங்கோ’ என்று சொல்லிவிடும். அந்தப் பயத்தில் அக்காவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பறந்தோம். அக்கா ஒரு நாளும் விடாமல் நடந்தார். சீனி இறங்கிவிட்டது, ஊசி வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

நல்ல செய்தியோடு வருகிறார் என்று பார்த்தால், என்னுடைய கடை வாசலில் நின்று அழுதார்.

“சுதாகரன், ஆறு கிழமையா ஒருத்தரும் என்னோடை கதைக்கேல்லை. வீட்டிலையும் ஆளில்லை, ரோட்டிலையும் ஆளில்லை. ஊசி குத்தியிருந்தாலும் இவ்வளவு நொந்திருக்காது.”

மறுநாள் மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு அவரோடு நடந்தேன். நூறு மீற்றரில் எனக்கு மூச்சு வாங்கியது. அதைவிடப் பெரிய கரைச்சல், எங்கள் ரோட்டில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க இடமில்லை. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் பஸ். அக்கா முன்னால், நான் பின்னால். ஆறு கிழமைக் கதை முழுவதையும் அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பாதி எனக்குக் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றேன். சந்தியில் அவர் திரும்பி, “நான் இப்ப என்ன சொன்னனான், சொல்லு பாப்பம்?” என்றார். நான் முழுசினேன்.

அன்றைக்கே அக்கா கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதினார். நடைபாதை எத்தனை அடி அகலம் இருக்க வேண்டும் என்ற கணக்கு எங்களுக்குத் தெரியாது, இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடந்து முகத்தைப் பார்த்துக் கதைக்கக்கூடியதாக இருந்தால் போதும் என்று அதில் இருந்தது. அவருடைய கையெழுத்துக்குக் கீழே முதல் ஆளாக நான் கையெழுத்து வைத்தேன்.