கொழும்பிலிருந்து வராத சாமான்

ஆசிரியர் நியமனத்துக்கான போட்டிப் பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது என் கைக்கடிகாரம் நின்றுபோனது. பரீட்சை மண்டபத்துக்குள் போன் கொண்டுபோக முடியாது. சுவர்க் கடிகாரத்தை நம்பினால் என்ன ஆகும் என்று போன தடவை கைக்கடிகாரத்தை மறந்துவிட்டுப் போனபோதே பார்த்துவிட்டேன். கடைசிக் கேள்வியைத் தொடுவதற்குள் விடைத்தாளைப் பிடுங்கிக்கொண்டார்கள். வேறு ஒன்று வாங்கியிருக்கலாம். ஆனால் எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் பல்கலைக்கழகம் போனபோது அம்மா வாங்கித் தந்தது அது. பட்டம் வாங்கும்வரை எழுதிய எல்லாப் பரீட்சையிலும் மேசைமேல் எனக்குத் துணையிருந்தது. இந்தப் பரீட்சைக்கும் அதுதான் வர வேண்டும்.

டிக்கோயாவில் அறை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். ஹட்டன் டவுனில் ஒரு கடிகாரக் கடையைச் சொன்னார்கள். சுவர் முழுக்கக் கடிகாரங்கள், ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டியது. எதை நம்பிக் கடையைத் திறக்கிறாரோ என்று நினைத்துக்கொண்டே கொடுத்தேன்.

"எந்தத் தோட்டம்?" என்றார் கடைக்காரர்.

நான் என் பெயரைச் சொன்னேன்.

"பேரு கெடக்கட்டும் புள்ள. தோட்டம் எது?"

றொசல்லைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தைச் சொன்னேன். அதை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கடிகாரத்தில் கட்டினார். தோட்டத்து ஆட்களுக்குத் தனித்தனியாகப் பெயர் வைத்தது வீண் செலவு என்பது அவர் கொள்கை போலும். ரசீது கேட்டேன். "நம்ம ஆளுகளுக்கு எதுக்கு ரசீது?" என்று சிரித்தார்.

அடுத்த வாரம் போனேன். "எந்தத் தோட்டம்?" என்றார் மறுபடியும். இந்த முறை விடவில்லை. முதலெழுத்தோடு என் பெயரை நிறுத்திச் சொன்னேன். இழுப்பறையைத் திறக்காமலே, "கொழும்புல இருந்து ஒரு சாமான் வரணும்" என்றார்.

அதற்கடுத்த முறை கல்லாவில் ஒரு பை பீன்ஸ் இருந்தது. நிதானமாக நார் உரித்துக்கொண்டே, "சாமான் இன்னும் வரல புள்ள" என்றார்.

"என்ன சாமான் அண்ணே?"

"சொன்னா ஒனக்கு வெளங்காது."

விளங்காதுதான். நான் வெறும் பட்டதாரி.

"அப்ப அப்படியே திருப்பித் தாங்க. வேற கடையில பாத்துக்குறேன்."

"பிரிச்சுப் போட்டிருக்கேன். எப்படித் தர்றது? தூளாவா?"

அதற்குள் காரில் வந்த ஒருவர் உள்ளே நுழைந்தார். "வாங்க சேர், ஒக்காருங்க சேர்!" அவரிடம் எந்தத் தோட்டம் என்று கேட்கவில்லை. அவருக்குப் பெயர் இருந்திருக்க வேண்டும்.

பரீட்சைக்கு முந்தைய நாள், மறுநாள் கட்டிப்போகச் சேலை எடுத்துவர வீட்டுக்குப் போனேன். அம்மாவிடம் போனில் எதுவும் சொல்லியிருக்கவில்லை. மலையில் கொழுந்து எடுப்பவருக்கு என் கடிகாரக் கவலையும் எதற்கு? இனி மறைக்க முடியாது என்று வாயைத் திறக்கும்போது அம்மா அலுமாரியைத் திறந்தார். உள்ளே, மடித்துவைத்த புதுத் துவாய்க்கு மேலே, என் கடிகாரம். பிரிபடாமல், தூளாகாமல், ஓடிக்கொண்டிருந்தது.

"இது எப்படிம்மா இங்க?"

"நீதானே குடுத்துவிட்ட? நம்ம தோட்டத்துக் கீழ் டிவிசன் மாமா அவரு கடிகாரத்த எடுக்கப் போனாராம். 'ஒங்க தோட்டத்தோடதுதான், ஒரு படிச்ச புள்ள குடுத்துச்சு, கொண்டு போயிருங்க'ன்னு கடைக்காரரு இதையும் குடுத்தாராம். படிச்ச புள்ளன்னா நம்ம வீடுதானேன்னு எங்கிட்ட தந்தாரு. நல்ல மனுசன் அந்தக் கடைக்காரரு. சும்மா இருக்கலாமா? மாமாகிட்ட ஒரு பை பீன்ஸ் குடுத்தனுப்பினேன்."

எங்கள் பீன்ஸைத்தான் என் கண்முன்னால் உரித்திருக்கிறார். கொழும்பிலிருந்து வர வேண்டிய சாமான் எங்கள் வீட்டுக் கொல்லையில் காய்த்திருக்கிறது.

மறுநாள் கடிகாரம் மேசைமேல் இருந்தது. எல்லாக் கேள்வியையும் எழுதி முடித்து, ஒருமுறை திருப்பிப் பார்க்கவும் நேரம் மிஞ்சியது. மண்டபத்திலிருந்து நேராகக் கடைக்குப் போனேன். கடிகாரம் கட்டிய கையைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு, பெயரைச் சொல்லிக் கேட்டேன்.

"நாளைக்கு வா புள்ள. சாமான் பஸ்ஸுல வந்துகிட்டிருக்கு."

கையை எடுத்துக் கல்லாமேல் வைத்தேன். கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெட்கப்படுவார் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

"அட, அந்தத் தோட்டமா நீ? அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே!" என்றார். பிறகு குனிந்து கடிகாரத்தில் காதை வைத்துப் பெருமையாகக் கேட்டார். "பாத்தியா, எப்படி ஓடுது! நம்ம கை பட்டா அப்படித்தான். அம்மாகிட்ட சொல்லு, பீன்ஸ் நல்ல பிஞ்சு."