பதினாலு இருக்கைகள்

செல்வின் ராங்கிஹூனாவுக்கு இருபத்திரண்டு வயதில் கிஸ்பர்ன் விமானத்தளத்தில் கிடைத்த முதல் வேலை, ஒரு பயணி விமானத்தின் வயிற்றைக் காலி செய்வது. பதினாலு இருக்கைகளையும் அவர்தான் கழற்றினார். அந்த இடத்தில் பெரிய இரும்புத் தொட்டியை வைத்தார்கள். இனி அது ஆடு மேயும் மலைகளின் மேல் சூப்பர் பாஸ்பேட் உரம் தூவும். "இருக்கைய என்ன பண்றது?" என்று மேஸ்திரியிடம் கேட்டார். "கேக்குறவனுக்குக் குடு." ஒரே வாரத்தில் எல்லாம் பண்ணைகளுக்கும் கடைகளுக்கும் போய்விட்டன.

பிறகு மலைமேல் ஓடுபாதையில் அந்த விமானத்துக்கே உரம் ஏற்றும் லாரியை ஓட்டினார் செல்வின். விமானி க்ளைவ் ஓட்வே வாயாடி. இறங்குவார், தொட்டி நிரம்பும், ஏழே நிமிடத்தில் மறுபடி பறப்பார்.

ஒருநாள் பகலில் இறங்கியவர் சிரிக்கவில்லை.

"டேய், பின்னால யார ஏத்தி விட்ட?"

"ரெண்டரை டன் உரத்த. ஏன், டிக்கெட் கேக்கணுமா?"

"இருமுறாங்கடா."

செல்வின் விழுந்து விழுந்து சிரித்தார். அன்று மாலை, தொட்டிக்குள் இறங்கி ஒட்டிய உரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, தொட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ அடக்கமாக இருமியது அவருக்கும் கேட்டது. நாகரிகமாக, கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு இருமுவதுபோல. அந்த விமானத்தில் யாரும் செத்ததில்லை. பழைய பதிவேடுகளை அவர் தேடிப் பார்த்துவிட்டார்.

அந்த வருடம் ஆகஸ்டில், கிளம்பிய வேகத்திலேயே விமானம் பள்ளத்தாக்கின் மேல் மூக்கைத் தூக்கிக்கொண்டு, வேகமிழந்து அந்தரத்தில் நின்றது. பாரத்தைக் குறைக்க உரத்தைக் கொட்டும் நெம்புகோல் சிக்கிக்கொண்டது. செல்வின் ஓடுபாதையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இதோ விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது மூக்கு தாழ்ந்து, வேகம் பிடித்து, ஆற்றோரப் புல்வெளியில் விமானம் இறங்கியிருந்தது. அவர் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது க்ளைவ் புல்லில் உட்கார்ந்திருந்தார்.

"நடந்து வந்தாங்கடா. பின்னால இருந்தவங்க எல்லாரும். காலடிச் சத்தம் கேட்டுச்சு. முன்னால வந்து என் முதுகுக்குப் பின்னாடி நின்னாங்க. அந்த பாரத்துலதான் மூக்கு எறங்குச்சு."

விசாரிக்க வந்தவர்கள், உரம் முன்பக்கம் சரிந்திருக்கும் என்று எழுதிக்கொண்டு போனார்கள். விளிம்புவரை நிரம்பிய தொட்டியில் உரம் சரிய இடமில்லை. நிரப்பிய செல்வினுக்கு அது தெரியும். க்ளைவ் அதன்பின் பறக்கவே இல்லை.

வருடங்கள் கழித்து விமானம் ஊர் அருங்காட்சியகத்தின் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. ஓய்வுபெற்ற செல்வின் அதைத் துடைக்கப் போனார். முதல் நாளே அவருக்குப் புரிந்துவிட்டது. இருமல் இல்லை. ஆனால் உள்ளே கூட்டம். நெரிசலான பஸ்ஸில் ஏறியதுபோல அவர் உடம்பு தானாக ஒடுங்கி வழிவிட்டது.

"நின்னுக்கிட்டே இருக்காங்க, மோனா," என்றார் மனைவியிடம். "அவங்க உக்காந்திருந்த இருக்கைய நான்தான் புடுங்கினேன்."

"அப்ப நீயே போய்க் கொண்டாந்து போடு," என்றாள் மோனா. அவள் சிரிக்கவில்லை.

ஆறு வருடம் தேடினார். ரோமம் கத்தரிக்கும் கொட்டகையில் இரண்டு, ஒரு முடிதிருத்தும் கடையில் மூன்று, நாய்க்குட்டிகள் பிறந்து வளர்ந்த ஒன்று. தொட்டி இருப்பதால் உள்ளே பொருத்த முடியாது. இறக்கையின் கீழே, முன்னோக்கி, இரண்டு வரிசையாகப் போட்டார். ஒவ்வொரு இருக்கை வந்தபோதும் விமானத்துக்குள் நெரிசல் கொஞ்சம் குறைந்தது. பதின்மூன்றாவது வந்த பிறகு, விமானத்துக்குள் ஒரே ஒருவர்தான் நிற்கிறார் என்று அவரால் அறுதியிட்டுச் சொல்ல முடிந்தது.

கடைசி இருக்கை மலை உச்சிப் பண்ணையில், ரிபேகா ஆன்ட்டியின் வீட்டுச் சமையலறையில் இருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில், சுத்தமாக.

"கேள்விப்பட்டேன், தம்பி. இத மட்டும் கேக்காத," என்றாள் கிழவி. "இதுல ஆள் உக்காந்திருக்கு."

"உங்க வீட்டுக்காரரா, ஆன்ட்டி?"

"அவரு செத்தது ஆஸ்பத்திரில. இது யாருன்னு எனக்குத் தெரியாது. நீ இத எங்களுக்குக் குடுத்தப்பவே கூட வந்துருச்சு."

பதினாலாவது ஆள் இங்கே உட்கார்ந்திருந்தால், விமானத்துக்குள் நிற்பது யார் என்று செல்வின் யோசித்தார். அவள் ஊற்றிய தேநீரைக் குடித்துவிட்டு, வெறும் வண்டியோடு மலை இறங்கினார். அதன்பின் விமானத்தை வெளிப்பக்கம் மட்டுமே துடைத்தார்.