தெனிங் அக்கா மரியாதையாகப் பேசிய வாரம்

டாக்கரில் யோஃப் கடற்கரையை ஒட்டிய எங்கள் விடுதியில் ஏழே அறைகள். முதலாளி தெனிங் அக்கா. சமையல் நான். தங்க வருகிறவர்களைக் கோரே தீவுப் படகுக்கும் ரோஜா நிற ஏரிக்கும் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது டாக்ஸிக்கார அன்சு. அக்கா செரெர் இனம், அன்சு ஜோலா. இரண்டும் நடுக்கடலில் தோணி பிளந்து பிரிந்துபோன அக்கா தங்கையின் வம்சம் என்பார்கள். அதனால் அவர்களுக்குள் கேலி முறை. பார்த்த இடத்தில் திட்டிக்கொள்ளாவிட்டால் இரண்டு பேருக்கும் சோறு இறங்காது.

"வந்துட்டான் பாரு என் அடிமை! வண்டியத் துடைச்சியா, இல்ல சோத்துச் சட்டியத் துடைச்சியாடா?"

"உன் தாத்தாவ எங்க தாத்தா ரெண்டு மூட்ட அரிசிக்கு வாங்கினாருடி. அரிசிதான் நஷ்டம்."

தினமும் காலை வணக்கமே இதுதான். அக்காவின் கணவர் இறந்த அன்றைக்கு, துக்க வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "இவ வாய்க்குப் பயந்துதான் மனுஷன் ஓடிட்டான்! எனக்குச் சோறு எங்கடி?" என்று கத்தினான் அன்சு. அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த அக்கா சிரித்தாள், பிறகுதான் அழுதாள். அப்படிப் பேச அவனுக்குத்தான் உரிமை. நான் பேசியிருந்தால் செருப்பு பறந்திருக்கும்.

இதற்கு நடுவில்தான் ஒரு பெல்ஜியம் டீச்சர் வந்து தங்கினாள். நல்ல மனசுக்காரிதான், ஆனால் அவசரக்குடுக்கை. முதலாளியம்மா ஏழை டிரைவரை அடிமை என்று அழைக்கிறாள், காது கூசுகிறது என்று ஊருக்குப் போய் இன்டர்நெட்டில் எழுதிவிட்டாள். முன்பதிவு பார்க்கும் லத்தீர், அக்காவின் அண்ணன் மகன், தலையில் கை வைத்துக்கொண்டு வந்தான்.

"அத்தை, இதப் படிச்சா எவன் இங்க வந்து தங்குவான்? இனிமே ஆளுங்க முன்னாடி அவர மரியாதையாப் பேசுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மறுநாள் காலை அன்சு உள்ளே நுழைந்ததும் அக்கா எழுந்து நின்று, அவனை முழுப்பெயர் சொல்லி அழைத்தாள். "வணக்கம், அன்சுமானா ஐயா. சௌக்கியமா இருக்கீங்களா? தயவுசெஞ்சு உட்காருங்க."

யாரைச் சொல்கிறாள் என்று அன்சு பின்னால் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. அவன் முகம் செத்துப்போனது.

"உங்க தயவுல நல்லா இருக்கேன், மேடம்" என்றான். அன்றைக்கு ஆட்களைப் படகுத்துறைக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டதோடு சரி. அதன்பிறகு ஆள் வரவில்லை, போனும் எடுக்கவில்லை.

வேறு டாக்ஸி பிடித்தோம். அந்தப் புது டிரைவர் பாதி நாள் படகைத் தவறவிட்டான். அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் அடுப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டு மூக்கைச் சிந்தினாள்.

"அவன் என்னைய மேடம்னுட்டான்டி."

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "நீங்க ஐயான்னா அவரு வேற என்ன சொல்லுவாரு? முறைய அறுத்தது யாரு, நானா? லத்தீர் சொன்னதப் போய் விளக்குங்க!"

வெள்ளிக்கிழமை மத்தியானம் என்னையும் இழுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள். பெரிய தட்டில் மீன்சோறு வைத்து, எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அன்சு எழுந்து, "வாங்க மேடம், உட்காருங்க" என்றான். அக்கா உட்காராமல் நின்றாள்.

"லத்தீர் சொன்னான்னு, வந்து தங்குறவங்களுக்காக அப்படிப் பேசிட்டேன். புத்தி கெட்டுப்போச்சு. இனிமே எவ என்ன எழுதினாலும் எழுதிட்டுப் போறா."

"பரவாயில்ல மேடம். விருந்தாளிங்கதான் முக்கியம்" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமலே.

அக்கா தட்டோரத்தில் உட்கார்ந்தாள். அன்சுவின் மனைவி மீனில் நல்ல சதையாகப் பிய்த்து, விருந்தாளிக்கு வைக்கிற மாதிரி அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். அக்கா கை வைக்காமல் அதையே வெறித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் சோற்றில் விழுந்தது.

அன்சு தட்டுக்குக் குறுக்கே கையை நீட்டினான். அவள் முன்னால் இருந்த மீனை அப்படியே வாரி வாயில் போட்டுக்கொண்டான்.

"அடிமைக்கு எதுக்குடி மீனு?" என்றான், வாய் நிறைய மென்றபடி. "முள்ளு கிடக்குது பாரு, சூப்பு."

"திருட்டு நாயே, என் மீன்டா அது!" என்று அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள் அக்கா.