காற்றைக் கொண்டு வரச் சொன்னாள்

போன வாரம் என்னால் ஏற்காட்டில் ஒரு மரம் மொட்டையானது.

வேண்டுமென்று செய்யவில்லை. ஒரே ஒரு போட்டோ எடுக்கத்தான் போனேன்.

என் மனைவி சாந்தாவுக்குக் காது மந்தமாகிவிட்ட கதை இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். காது மெஷின் வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்குள் நன்றாகவே வேலை செய்கிறது. வெளியே காற்று அடித்தால் மட்டும் கொர்ர்ர் என்று ஒரே இரைச்சலாம். உடனே கழற்றிப் பர்ஸில் போட்டுக்கொள்வாள்.

நாகலூர் போகிற வழியில் ஓர் எஸ்டேட் கேட் இருக்கிறது. அதை ஒட்டி ஒரு பெரிய சில்வர் ஓக் மரம். காற்று வந்தால் இலைகள் புரண்டு, அடிப்பக்கத்து வெள்ளை பளிச்சென்று தெரியும். கூடவே ஒரு சலசலப்பு. சேலத்திலிருந்து எப்போது மலையேறினாலும் அங்கே வண்டியை நிறுத்தச் சொல்லி, கீழே நின்று கேட்டுவிட்டுத்தான் சாந்தா கிளம்புவாள். போன முறை நிறுத்தினேன். அவள் இறங்கவே இல்லை.

“கேக்காத மரத்தைப் போயி என்ன பாக்கறது? இனிமே நீங்களே போயிட்டு வாங்க. எனக்கு ஏற்காடு போதும்.”

அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாற்பது வருஷமாக ஜோடியாக ஏறிய மலை… தனியாகப் போய் நான் என்ன செய்வது?

அந்த மரத்தைக் காற்றோடு ஒரு படம் எடுத்து வந்து காட்டினால் மனசு மாறுவாளோ என்று தோன்றியது. சொன்னேன். “முடிஞ்சா காத்தோட கொண்டாங்க, பாக்கலாம்” என்றாள். குரலில் சவால் இருந்தது.

வீடியோ எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். எடுத்திருக்கிறேன். போனிலும் அதே கொர்ர்ர்தான் பதிவாகியிருந்தது. சத்தத்தை அணைத்துவிட்டு, ஊமையாக ஆடுகிற மரத்தை அரை நிமிஷம் பார்த்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

புதன்கிழமை கேமராவும் ஸ்டாண்டுமாகப் போய் இறங்கினேன். ஆடுகிற மரத்தைப் படம் எடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. வேகமாகக் கிளிக் செய்தால் இலைகள் அப்படியே உறைந்துவிடும் — காற்று இருந்ததற்கு அடையாளமே இருக்காது. மெதுவாக எடுத்தால் மரமே உப்புமா. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அதைப் பிடிக்க முதலில் காற்று வேண்டும். அன்றைக்கென்று ஓர் இலைகூட அசையவில்லை! இரண்டு மணி நேரம் நின்றேன்.

எஸ்டேட் ரைட்டர் குடையோடு வந்தார். ஆளுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிறவர், பேர் ஆரோக்கியம்.

“ஏனுங்க சார், நொம்ப நேரமா அந்த மரத்தையே பாத்துட்டு நிக்கறீங்க?”

“ஒரு போட்டோ எடுக்கணுமுங்க. சரியா அமையல.”

“பேப்பர்ல வருமுங்களா?”

“வந்தாலும் வரும்.”

அவர் மரத்தை மேலும் கீழும் பார்த்தார். “நாளைக்குக் காலைல வாங்க சார். ரெடி பண்ணி வெக்கறேன்.”

எதை ரெடி பண்ணப் போகிறார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நல்ல மனுஷர், ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காற்று என்றால் அப்படியொரு காற்று. வளைவுக்கு வளைவு வண்டியைத் தள்ளியது. பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினேன். கேட் முன்னால் இறங்கிப் பார்த்தால்…

மரம் இல்லை. அதாவது, மரம் இருந்தது. கிளைகள் இல்லை. உச்சியில் மட்டும் ஒரு கொத்து இலை. கீழே குப்பையெல்லாம் பெருக்கி, அடிமரத்துக்குச் சுண்ணாம்பு வேறு பூசியிருந்தார்கள். பக்கத்தில் ரைட்டரும் நாலு தொழிலாளர்களும் குளித்துத் தலைவாரி வரிசையாக நின்றார்கள்.

“பேப்பர்ல வர்ற மரமுங்க. தலைய விரிச்சுப் போட்டுட்டு நிக்கலாமுங்களா? அதான் கவாத்து பண்ணிட்டோம்” என்றார் ரைட்டர். காபிச் செடிக்கு வெயில் இறங்குவதற்காக நிழல் மரங்களின் கிளைகளைக் கழிப்பார்களே, அந்தக் கவாத்து. “எப்படியும் அடுத்த மாசம் பண்றதுதானுங்க. உங்களுக்காக இத மட்டும் முன்னாடியே முடிச்சாச்சு.”

எனக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பேன். துடைத்தேன். நன்றாகவே துடைத்தேன்.

“காலைல ஏழு மணிக்கே ஆரம்பிச்சுட்டோமுங்க” என்றார் செல்வி என்கிற தொழிலாளி. “நல்லா இருக்குதுங்களா சார்?”

இந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்வீர்கள் நீங்கள்?

“நொம்ப நல்லா இருக்குதுங்க” என்றேன்.

யோசித்துப் பார்த்தால் அவர்கள் செய்ததில் என்ன தப்பு? போட்டோ என்றால் நாமும் இதைத்தானே செய்கிறோம்! கொட்டம் அடிக்கிற பிள்ளையைப் பிடித்து, எண்ணெய் வைத்துப் படிய வாரி, “ஆடாம நில்லு” என்று அதட்டி, அப்புறம்தானே எடுக்கிறோம். வீட்டு ஆல்பத்தில் இருக்கிற ஒரு படத்திலாவது நம் பிள்ளைகள் அவர்கள் மாதிரி இருக்கிறார்களா?

ஐந்து பேரையும் மரத்தடியில் நிறுத்தினேன். “யாரும் ஆடக்கூடாது” என்று ரைட்டர் உத்தரவு போட்டார். கிளிக் செய்கிற நேரம் பார்த்து ஒரு காற்று வந்தது. ரைட்டரின் குடை பின்பக்கமாக மடங்கிக்கொண்டது. செல்வி தலைத்துண்டோடு சேர்த்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். சாலையோரத்துப் புல்லெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டது.

“ஐயோ, கெடுத்துட்டனுங்களே! இன்னொண்ணு எடுங்க சார்” என்றார் செல்வி.

இன்னும் மூன்று எடுத்தேன். மூன்றிலும் ரேஷன் கார்டுக்கு நிற்கிற மாதிரி நின்றார்கள். மூன்றையும் பிரிண்ட் போட்டு அனுப்பியாயிற்று. ரைட்டர் ஆபீஸில் மாட்டியிருக்கிறாராம்.

முதல் படத்தைச் சாந்தாவிடம் காட்டும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. மரம் எங்கே என்று கேட்டாள். கம்பம் மாதிரி பின்னால் நிற்கிறதே அதுதான் என்று சொல்லி, நடந்ததையும் விவரித்தேன். சிரித்தாள். நாலு மாசத்துக்கு அப்புறம் அப்படி ஒரு சிரிப்பு.

பிறகு படத்தைப் பக்கத்தில் இழுத்துப் பார்த்தாள். விரல் செல்வி மேல் நின்றது.

“இந்தப் பொண்ணு காதைப் பொத்திக்கிட்டு நிக்கறாளே…”

“ஆமா.”

“அப்படீன்னா நல்ல சத்தம்!”

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தேன் — இந்த முறை கோபத்தில் இல்லை.

“மரம் எப்பத் தழைக்கும்?”

“நாலஞ்சு மாசம் ஆகும்னு சொன்னாங்க.”

“அதுவரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? புல்லு ஆடுதே, அது போதும். ஞாயித்துக்கிழமை கிளம்பலாங்க.”

கிளம்புகிறோம். ரைட்டருக்கு மட்டும் சொல்லவில்லை — புல்லையும் சீவி வைத்துவிடுவார்!