கேட்காமல் எடுத்த இரத்தக்குழாய்

ஒரு நோயாளியின் உடலிலிருந்து எடுத்ததை அவரிடம் கேட்காமலே ஆய்வுக்கு வைத்துக்கொண்டேன். அவர் கேட்டபோது பொய்யும் சொன்னேன். மருத்துவ ஆய்வுக்கு வரும் இளையவர்களுக்காக, ஓய்வு பெற்றபின் இதை எழுதுகிறேன்.

அவர் பெயர் சுருளிவேல். ஆண்டிபட்டி வழியாக மதுரை போகும் பஸ்ஸில் கண்டக்டர். நின்றே வேலை பார்த்ததில் இடது காலில் வெரிகோஸ் வெயின். தேனியில் நான்தான் ஆபரேஷன் செய்து, புடைத்த சிரையை உருவி எடுத்தேன். வழக்கப்படி அது, எரிக்க அனுப்பும் மஞ்சள் கழிவுப் பைக்குப் போக வேண்டும். ஆனால் இரத்தக்குழாயின் வெளிச்சுவரில் ஸ்டெம் செல்கள் உண்டு, அடைப்பு வந்த இதயத்தில் புதுக் குழாய்கள் வளர அவை உதவலாம் என்று படித்ததிலிருந்து எனக்கு அதே நினைப்பு. ஒரு விரல் நீளம் வெட்டி ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், செல் வளர்க்கும் பிளாஸ்கில் இளஞ்சிவப்பு ஊட்டத் திரவம் ஊற்றி வைத்தேன்.

ஆறாம் நாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், பிளாஸ்கின் அடியில் தறியில் ஓடும் நாடாக்கட்டை போல் இரு முனையும் கூராக நீண்ட செல்கள் ஒட்டியிருந்தன. சாப்பிட மறந்து பார்த்தேன்.

தையல் பிரிக்க வந்தவர், "எடுத்த நரம்ப என்ன செஞ்சீக டாக்டர்? கண்ணுலயே காட்டலையே?" என்றார்.

"எரிச்சாச்சு" என்றேன்.

பிறகு ஆய்வுக்கு முறையாக அனுமதி கேட்க உட்கார்ந்தபோது, படிவத்தில் திசு கொடுத்தவரின் சம்மதம் என்ற இடம் வந்தது. முன்தேதி போட்டு ஒரு கையெழுத்து வாங்கியிருக்கலாம். மனம் வரவில்லை. அனுமதி தரும் நெறிமுறைக் குழுவிடம் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். வேலையை நிறுத்தச் சொன்னார்கள். அவரிடம் உண்மையைச் சொல்லுங்கள், முடிவு அவருடையது என்றார்கள்.

சுருளிவேலை ஆய்வகத்துக்கே அழைத்துச் சொன்னேன்.

"டிக்கெட் போடாமயே என் நரம்ப ஏத்திட்டீகளா? எங்க வண்டியா இருந்தா நடுவழியில எறக்கி விட்ருப்பேன்."

மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"உசிரோடவா இருக்கு?"

"ஆமா."

"நான் அங்கன பஸ்ல விசில் ஊதையில, இது இங்கன தின்னுக்கிட்டு இருந்துச்சாக்கும்! எங்கண்ணனுக்கு நெஞ்சடைப்பு. அவருக்கு இதப் போடலாமா?"

"இன்னும் மருந்தாகலை. ஆராய்ச்சிதான். எப்ப ஆகும்னு எனக்குத் தெரியாது."

"இப்பவாச்சும் நெசத்தச் சொன்னீகளே. ஆனா கேக்காம எடுத்தது வேணாம், அழிச்சிருங்க."

அவர் கண்முன்னே பிளாஸ்கில் ப்ளீச் ஊற்றினேன். இளஞ்சிவப்புத் திரவம் வெளுத்தது.

மறு வருடம் வலது காலிலும் அதே தொல்லை என்று ஆபரேஷனுக்கு வந்தார். ஆய்வுக்கு அப்போது அனுமதி கிடைத்திருந்தது. ஆனாலும் நான் பேச்செடுக்கவில்லை.

"இந்தக் கால் நரம்புக்குக் கேக்க மாட்டீகளா?" என்றார் அவரே.

படிவத்தை நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். மற்ற நிறுவனங்களுக்கு அனுப்பலாம் என்ற வரியை அடித்துவிட்டு, கீழே தன் கையால் எழுதிக் கையெழுத்திட்டார்: "வளந்ததும் எனக்குக் காட்ட வேண்டும்."

எங்கள் ஆய்வகத்தின் படிவத்தில் இன்று அந்த வரி எல்லோருக்குமாக அச்சில் இருக்கிறது.