பாதி வெளிச்சம் போன இடம்

செல்வதாஸ் வீட்டு ஃபைபர் கேபிளில் வரவேண்டிய வெளிச்சத்தில் பாதியை, லைன்மேன் ரதீஷ் பக்கத்து வீட்டுக் குமாரதாஸுக்குத் திருப்பிவிட்டான் என்று ஆரல்வாய்மொழியில் ஒரு பேச்சு. கிளப்பியவர் செல்வதாஸ். அது உண்மைதானா என்று பார்க்கக் கிளம்பியவரும் அவரேதான். வேறு யாரை நம்புவது?

பஹ்ரைனில் ஸ்டோர்கீப்பராக இருந்தவர். சரக்கு தானாகக் குறையாது, எவனோ எடுத்திருக்கிறான் என்பதுதான் அவர் அங்கிருந்து கொண்டுவந்த ஒரே சொத்து என்பாள் மனைவி நேசபாய். சபையின் அசன விருந்துக்குக் கறி வெட்டும்போது காவல் நிற்பார். கூடக் காவல் நிற்பவர்களையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார்.

இப்போது குறைவது மகள் பிளஸ்ஸியின் இணையம். வீட்டிலிருந்தே பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். இன்னொரு தடவை மீட்டிங்கில் லைன் போனால் பெங்களூருக்கே வந்துவிடச் சொல்லிவிட்டார் மேனேஜர். அவள் போனால் வீடு வெறிச்சென்று ஆகிவிடும் என்பதைச் செல்வதாஸ் யாரிடமும் சொல்லவில்லை. குமாரதாஸ் கனெக்‌ஷன் எடுத்த வாரத்திலிருந்துதான் தகராறு என்பதை மட்டும் எல்லாரிடமும் சொன்னார்.

ரதீஷ் வந்து வீட்டுக் கேபிள் முனையில் வெளிச்சம் அளக்கும் மீட்டரைச் சொருகினான். மைனஸ் இருபத்தேழு.

“மைனஸா? அப்போ நான்தான் கம்பெனிக்கு வெளிச்சம் குடுக்கணுமா மக்கா?”

“இல்ல அண்ணாச்சி. ஒரு மில்லிவாட்டுக்குப் பேரு சைபர். அதுக்குக் கீழ உள்ளதெல்லாம் மைனஸ். ஒவ்வொரு மூணு எறங்கும்போதும் பாதியாவும்.”

ஒன்று இருந்தால் சைபர். கையில் இருக்கும்போதே மைனஸ். ஸ்டோரில் எவனாவது இப்படிக் கணக்குச் சொல்லியிருந்தால் அன்றைக்கே விமானம் ஏற்றியிருப்பார்.

“கம்பத்துப் பெட்டியிலயும் பாரு. நானும் வாறேன்.”

ஏணியை அவர்தான் பிடித்தார். பெட்டியில் அவருடைய லைனில் மைனஸ் பதினெட்டு.

“ஒம்பது போச்சு. குமாரதாஸுக்குத்தானே?”

“அவருக்குப் பிரிச்சிருந்தா இங்கயே ரெண்டு பேருக்கும் கொறைஞ்சிருக்கும் அண்ணாச்சி. பதினெட்டும் இருபத்தேழும் அங்கங்க எவ்வளவு இருக்குன்னு சொல்லுது. ஒம்பது அப்படி இல்ல. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம். இங்க எட்டுப் பங்கு இருந்தா உங்க வீட்டுல ஒரு பங்குதான் சேருது. இந்தத் தூரத்துக்கு ஒண்ணு கூட கொறையாது. வழியில எங்கயோதான் போவுது.”

“எவனோ எடுக்கான்னு சொல்லு.”

இருவரும் கேபிளைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். செல்வதாஸின் மாடிக் கிரில்லில் கேபிள் ஒடித்தாற்போல மடக்கி, கட்டுக்கம்பியால் முறுக்கப்பட்டிருந்தது.

“இது யாரு கட்டுனது?”

செல்வதாஸ் மலைப்பக்கம் கையைக் காட்டினார். “காத்துல ஆடிச்சு.”

காற்றாலை ஊரான ஆரல்வாய்மொழியில் காற்றின் மேல் பழி போட்டால் மறுக்க ஆளில்லை. ஆனால் ஜன்னலில் நேசபாய் இருந்தாள்.

“காத்தா? குமாரதாஸு கனெக்‌ஷன் எடுத்த அன்னைக்கே, கொக்கி போட்டு இழுத்துருவாருன்னு மடக்கிக் கட்டுனது யாராக்கும்?”

“இவ்வளவு மடக்குனா வெளிச்சம் வளைய முடியாம வெளிய ஒழுவிரும்,” என்று ரதீஷ் கட்டை அவிழ்த்தான். வீட்டில் மீட்டர் மைனஸ் பதினெட்டரை காட்டியது. அன்று மாலை பிளஸ்ஸியின் மீட்டிங் ஒரு தடவைகூட அறுபடவில்லை.

“அசனத்துல வச்சு குமாரதாஸைக் கள்ளன்னு சொன்னதை ஊரே கேட்டுச்சு. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுருங்க,” என்றாள் நேசபாய்.

செல்வதாஸ் மதில் வரை போனார். அந்தப் பக்கம் குமாரதாஸ் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். செல்வதாஸ் தொண்டையைச் செருமினார்.

“உம்ம வீட்டுல எவ்வளவு காட்டுதுவேய்?”

“ரதீஷ் பாத்துட்டு மைனஸ் பதினெட்டுன்னான். ஏன்?”

செல்வதாஸ் கொண்டுபோன வார்த்தையோடு அப்படியே திரும்பிவிட்டார். அந்த அரை எங்கே போயிற்று என்று தெரியாமல் எப்படி மன்னிப்புக் கேட்பது?